கழுத்துப் பித்தான்

நாசிக் வெயிலில் ஒயின் ஆலையே புழுங்கியது. சோபான் மட்டும் கழுத்துப் பித்தானைக்கூடக் கழற்றாமல் நெளிந்துகொண்டிருந்தான்.

ருசி பார்க்கும் வேலைக்கு ஆள் தேர்வு. பிரான்ஸில் தொழில் பழகிய முதலாளி அபய்ராவ் ஒவ்வொரு கோப்பையாக நீட்டினார். மற்றவர்கள் துப்ப மறந்து விழுங்கினார்கள். சோபான் நாக்கில் உருட்டிவிட்டுத் துப்பினான்.

“ஓக் பீப்பாய்ல ஒரு மாசம் கூடக் கெடந்துருச்சு, ஸாஹேப்.”

“நீதான்டா அசல் பிரெஞ்சுக்காரன். கடைசி வரைக்கும் துப்புறியே, எங்க கத்துக்கிட்ட?”

“சும்மா... பழக்கம்தான்.” கை காலரைத் தடவியது.

வீட்டு வாசலிலேயே மனைவி மறித்தாள். “வேலை கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“தொண்டைக்குள்ள ஏதாச்சும் போச்சா?”

“பாண்டுரங்கன் மேல ஆணையா, ஒரு சொட்டு போகல.”

அவளே பித்தானைக் கழற்றினாள். உள்ளே, குடிப்பவன் கழற்றிவிட வேண்டிய துளசி மாலை வியர்வையில் நனைந்திருந்தது.

“அப்போ மாலையோடவே பண்டரிபுரத்துக்குப் பாதயாத்திரை நடக்கலாம்,” என்றாள்.