மாதிரிக் கையெழுத்து

ஹாக்கி சங்க ஆபீஸில் பட்டாபி பழைய ஃபைலை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டபோது வைத்தி நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"போன வருஷ ஃபார்மோட ஒத்துப் பார்த்துடறேன். ஒரு நிமிஷம்தான்" என்றார். "இந்த ரூலைக் கொண்டுவந்ததே உங்க ஆத்துக்காரிதான், தெரியுமோ? எவனெவனோ கோச்னு கையெழுத்துப் போட்டு, கல்யாண வயசுப் பொண்ணையெல்லாம் அண்டர் சிக்ஸ்டீன்ல இறக்கறான்னு மீட்டிங்ல மேஜையைத் தட்டினா."

வைத்திக்குத் தெரியும். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மேஜைமேல் இந்த வருஷத்துப் படிவம் கிடந்தது. பள்ளி ஹாக்கி அணியின் பதினாறு பெண்கள், பிறந்த தேதிகள். கீழே, பயிற்சியாளர்: ஜலஜா வைத்தியநாதன். தேதி, நவம்பர் பதினொன்று.

பன்னிரண்டாம் தேதி காலை, மைதானத்துக்குப் போகிற வழியில், ஜலஜாமேல் பஸ் மோதியது.

அந்தக் கையெழுத்தை வைத்தி நேற்றுச் சாயங்காலம்தான் போட்டான். டில்லி கரோல் பாக் வீட்டின் சமையல் மேடையில் வைத்து, நின்றுகொண்டே.

இன்று முப்பது. ஐந்து மணியோடு போட்டிக்குப் பெயர் கொடுப்பது முடிகிறது. பயிற்சியாளர் கையெழுத்து இல்லாத படிவத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளியில் புதிதாக யாரையும் இன்னும் போடவில்லை.

நேற்று அணியின் கேப்டன் வேலம்மாள் வாசலில் வந்து நின்றாள். அவளுடைய அம்மா ஏஷியாட் விளையாட்டுக்குக் கட்டுகிற ஸ்டேடியத்தில் செங்கல் சுமக்கிறவள்.

"அங்கிள், மிஸ் ஃபார்ம் குடுத்துட்டாங்கதானே? அடுத்த வருஷம்னா எனக்கு வயசு தாண்டிடும், அங்கிள்."

குடுத்தாச்சு என்று சொல்லிவிட்டான்.

வைத்தி மத்திய அரசில் உதவியாளன். செத்தவள் பெயரில் கையெழுத்துப் போட்டுப் பிடிபட்டால் முதலில் மெமோ வரும், பிறகு சஸ்பென்ஷன். அந்த வரிசையில் மற்றவர்களுக்குப் போன காகிதங்களை அவனே டைப் அடித்திருக்கிறான்.

"பதிமூணாம் நாளைக்கு வரமுடியலை. தப்பா நினைச்சுக்காதீங்கோ." பட்டாபி காகிதங்களைப் புரட்டிக்கொண்டே பேசினார். "என் பொண்ணு ஆடின மேட்ச்ல ஜலஜாதான் அம்பயர். எதுத்துப் பேசினான்னு அவளை அஞ்சு நிமிஷம் வெளில உட்கார வச்சுட்டா. நான் இந்த ஆபீஸ் சூப்பரின்டென்டன்ட், எதிர்லயே உட்கார்ந்திருக்கேன்! அச்சா, மேட்ச் முடிஞ்சதும் நேரா அவகிட்டப் போய், பாக்கெட்லேர்ந்து ஆரஞ்சை எடுத்து உரிச்சு ஊட்டி விடறா. என் பொண்ணு இன்னும் அதைப் பெருமையா சொல்லிண்டு திரியறது."

வைத்தி தலையாட்டினான். அவன் கண் அவர் விரல்களில் இருந்தது.

மற்ற வருஷமாக இருந்தால் பயமில்லை. ஜலஜா எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. காலேஜில் ஆடும்போது பந்து பட்டு வலது ஆள்காட்டி விரல் ஒடிந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டது. எழுத்து நாலா பக்கமும் இழுக்கும். "கோழி கிளறினாப்பல இருக்கு, நீங்களே போட்டுடுங்கோ" என்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய புதுப் பெயரை முதன்முதலில் கையெழுத்தாகப் போட்டவனே வைத்திதான். படிவம், அம்பயர் அறிக்கை, லீவு லெட்டர், எல்லாம் அவன் கைதான்.

போன வருஷம் மட்டும் இல்லை. அப்பாவின் வருஷாப்திகத் திவசத்துக்கு மாயவரம் போய்விட்டான். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, ஃபார்ம் என்ன ஆச்சு என்று கேட்டான்.

"நானேதான் போட்டேன். என் பேர், என் கையெழுத்து. உங்களுக்கென்ன?"

அந்தக் கோணல் எழுத்தைத்தான் பட்டாபி இப்போது தேடிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றான் வைத்தி. "அதுக்கு முந்தின வருஷத்தோட வேணா..."

"ஏன், இதோ இருக்கே."

காகிதத்தை உருவினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார்.

இதைப் பார்த்தார். அதைப் பார்த்தார். மறுபடி இது.

வைத்தி எழுந்து நின்றுவிட்டான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"டிட்டோ" என்றார் பட்டாபி. "ஒரு இம்மி மாறலை. உயிர் போறதுக்கு முதல் நாள் போட்ட கையெழுத்து, பாருங்கோ எவ்வளவு நிதானம்."

முத்திரையைக் குத்திவிட்டு, இரண்டு காகிதங்களையும் அவன் பக்கம் திருப்பினார்.

வைத்தி போன வருஷத்துக் காகிதத்தைப் பார்த்தான்.

முதல் எழுத்தின் அடியில் பெரிய வளையம். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி இழுத்த கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அவன் போடுகிற கையெழுத்து.

ஆனால் கோடு ஒரே இழுப்பில் வரவில்லை. மூன்று இடத்தில் பேனா நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நகர்ந்திருந்தது. வளையம் லேசாக நடுங்கியிருந்தது.

காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த தடம். அவன் குனிந்தான். அதே பெயர். அதற்குக் கீழே மறுபடி அதே பெயர். முதல் வளையம் கோணிக்கொண்டு எங்கோ போயிருந்தது. இரண்டாவதில் கோடு இழுக்க மறந்திருந்தாள். மூன்றாவதில் புள்ளி ஒன்றுதான்.

"என்ன, உட்காருங்கோ. சாய் சொல்லட்டுமா?" என்றார் பட்டாபி.

நான்கு. ஐந்து. ஆறு.

ஏழாவதில்தான் அவனுடையது அவளுக்கு வந்திருந்தது.