ஐந்தாவது வால்வு

ஏஜெண்ட் திருவேங்கடம் இட்லி சாப்பிடப் போயிருந்த கால் மணி நேரம் நாகேந்திரனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஏரியில் குளித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் புத்தூர் ரயிலடிச் சத்திரத்துக்கு வந்திருந்தான். கூடத்து மேடையில் ஏஜெண்ட் விற்கக் கொண்டுவந்த புத்தம்புது கிட்டார் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்தது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. பின்பக்கத் தட்டியை நெம்பினான். உள்ளே சின்ன பல்புகள் மாதிரி ஐந்து வால்வுகள். கடைசியைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றி ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டான். தட்டியை மூடிவிட்டு, ஒன்றும் அறியாதவனைப்போலக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

அதைத் திருட்டு என்று அவன் நினைக்கவில்லை. தற்காப்பு என்றுதான் நினைத்தான்.

புத்தூரில் மைக் செட் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். எல்லைத் தகராறு தொடங்கியதிலிருந்து ஓய்வே இல்லை. காலையில் 'புத்தூர் சென்னைக்கே' என்று ஒரு கூட்டம். மாலையில் 'புத்தூர் ஆந்திராவுக்கே' என்று இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் அதே ஒலிபெருக்கிக் குழாய்தான். முகத்தை மட்டும் திருப்பி வைப்பான். ஊர் எந்தப் பக்கம் போனாலும் தன் பிழைப்பு போகாது என்று இருந்தவனுக்கு இப்போது மைக்கும் மாட்டக்கூடிய இந்தப் பெட்டி எமனாக வந்திருந்தது. கூட்டம் சேரத் தொடங்கியதும் சைக்கிள் கடை நாகபூஷணம் அதை வாங்கியே தீருவதென்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான். அவன் வாங்கிவிட்டால் நாகேந்திரனின் குழாயில் கோழி முட்டையிட வேண்டியதுதான்.

வாசித்துப் பார்த்து மதிப்புச் சொல்வதற்காகக் கிட்டார்க்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். திருப்பதி நாடகக் கம்பெனி ஜெயச்சந்திரன், சித்தூர் கங்கையா. மூன்றாமவர் வாயே திறக்காதவர், பெயர்கூடச் சொல்லவில்லை.

ஏஜெண்ட் கையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினார்.

"அஞ்சு வால்வு சார். நாலு வால்வு சத்தத்தைப் பெருசாக்கும். அஞ்சாவதுதான் அதை இனிப்பாக்கும்."

நாகேந்திரன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கிட்டாரிலிருந்து ஒரு கம்பி பெட்டிக்குள் போனது. பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி மேடைத் திரைக்குப் பின்னால் போனது. "கரெண்டு அங்கதான் இருக்குது," என்றார் ஏஜெண்ட்.

ஜெயச்சந்திரன் தந்தியைச் சுண்டினான். நாகேந்திரன் மௌனத்துக்காகக் காத்திருந்தான்.

கூடம் நிறைந்தது. கனிந்து, அடங்கி, நெஞ்சுக்குள் இறங்கும் ஒரு நாதம். ஏற்கெனவே பழகிய ஏதோ ஒன்று அதில் இருப்பதாக நாகேந்திரனுக்கு ஒரு கணம் தோன்றியது. நல்ல நாதமெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.



"கம்பளியில சுத்தி வச்சாப்ல இன்னா கதகதப்புப்பா!" என்றான் ஜெயச்சந்திரன்.

கங்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏமி நாதமய்யா! அஞ்சாவது வால்வு தனியாக் கேக்குது பாரு. நாக்குல வெல்லம் வச்சாப்ல. இடது பக்கமா வருது."

"வலது பக்கம்ணே. காதுல இன்னா பஞ்சா?"

மூன்றாமவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அப்ப நம்மூரு மைக் செட்டு?" என்று நாகபூஷணம் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அதுவா? எருமைக்குச் சளி புடிச்சாப்ல இருக்கும்," என்றார் கங்கையா. கூடம் சிரித்தது.

நாகேந்திரன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் செட்டில் ஒரு வால்வு அணைந்தாலே குழாய் பிணமாகிவிடும். இந்தப் பெட்டியோ நாலு வால்விலேயே இப்படிப் பாடுகிறது. ஐந்தாவதையும் செருகினால்? இதன் உண்மையான மகிமை தெரிந்தவன் இந்த உலகத்தில் தான் ஒருவன்தான் என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

நாகபூஷணம் எழுந்து மேடையை நோக்கிப் போனான். நாகேந்திரன் பெஞ்சைத் தாண்டி ஓடினான்.

"சார், இது எனக்குத்தான்!"

ஏஜெண்ட் அவனை நிதானமாகப் பார்த்தார். "நீங்கதான் மைக் செட்டுக்காரரா? உங்க பழசைக் குடுங்க, இதைத் தூக்கிக்கினு போங்க. மேல ஒரு காசு வாணாம். நாளைக்கு எல்லைக் கூட்டத்துல இது பேசுனா கம்பெனிக்கு அதுவே விளம்பரம்."

"செட்டு ஊட்டுல கீது சார். ஓடிப் போய் எடுத்தாறேன்."

"நீங்க ஏன் அலையறீங்க? நான் பாத்துக்கறேன். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டேன், இனி எனக்கு அதில் பாத்தியதை இல்லை என்று எழுதியிருந்த தாளில் நாகேந்திரன் கையெழுத்துப் போட்டான். ஜெயச்சந்திரனும் கங்கையாவும் சாட்சி. இவ்வளவு நல்ல மனுஷனிடமா வால்வைத் திருடினோம் என்று ஒரு கணம் உறுத்தியது. பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டதும் உறுத்தல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஐந்தாவது வால்வைப் பயபக்தியோடு அதன் இடத்தில் செருகினான். மைக்கை மாட்டி, ஸ்விட்சைப் போட்டான்.

"அலோ," என்றான். "அலோ, அலோ."

ஒரு வால்வும் கண் திறக்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். பெட்டி ஊமையாக இருந்தது.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து யசோதா எட்டிப் பார்த்தாள்.

"இத்த ஏன் தூக்கினு வந்த? ரயில்லருந்து கீழ வுழுந்து செத்துப்போன பொட்டின்னு அந்த ஏஜெண்டே சொன்னாரே. நீ ஏரிக்குப் போனதும் வந்தாரு. நீதான் அனுப்புனேன்னு சொல்லி நம்ம செட்டை வாடகைக்குத் தூக்கினு போனாரு. திரைக்குப் பின்னால வச்சிக்கறாராம்."

நாகேந்திரன் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். ரயிலடிப் பக்கம் சென்னை வண்டி ஊதிக்கொண்டு கிளம்பியது.

"கம்முனு குந்திக்கினு இருந்தா? குழாய் மேல சுத்தறதுக்குன்னு நம்ம கம்பளியையும் வாங்கினு போனாரு, அதையாவது எடுத்தாந்தியா?"