யோகலிங்கம் ஒட்டினால் ஒட்டினதுதான்

விமானம் மேலே கிளம்பிய பிறகுதான் எனக்கு உயரமென்றால் பயம் என்பது நினைவுக்கு வந்தது.

அதுவரை சீனன்குடா ஓடுபாதையில் நின்று பெரிய விண்ணன் போலக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றித் திரியும் சின்ன விமானம் அது. அதன் ரேடியோ கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு கதைக்கும். மீன்பிடிப் படகுகளின் ரேடியோ செட்டோடு கதைக்காது. ஆகவே படகுக்காரர் பாவிக்கும் கைச்செட் ஒன்றை விமானியின் ஹெட்போனோடு இணைத்துத் தரும்படி செட் திருத்துகிற என்னைக் கேட்டார்கள்.

மூன்று வயர்தானே என்றேன். கேட்க ஒன்று, கதைக்க ஒன்று, பொத்தானுக்கு ஒன்று. இந்தத் துறைமுகத்தில் முக்கால்வாசிப் படகுகளின் செட் என் கை பட்டதுதான். 'யோகலிங்கம் ஒட்டினால் ஒட்டினதுதான்' என்று கடைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

நாங்கள் தேடிப் போனது என் தங்கை நிரோஜினியின் கணவன் இராகுலனை. கடலுக்குப் போய் இரண்டு நாள். எஞ்சின் நின்றிருக்கலாம். ஆனால் அவன் செட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பற்றரி இறங்கியிருக்கும் என்று தங்கைக்குச் சொன்னவன் நான்தான்.

விமானி ஹஸ்மி படகுகளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். எங்கள் இருவர் ஹெட்போனிலும் ஒரு கரகரப்புக்கூட இல்லை.

"இரைச்சலே இல்லை, பாத்தீங்களோ தம்பி?" என்றேன். என் வேலையை நானே மெச்சாவிட்டால் வேறு யார் மெச்சுவது?

நிலாவெளிக் கரை பின்னால் போனது. பிறகு வெறும் கடல். விமானம் ஒரு பக்கம் சரிய, என் கண்கள் மூடிக்கொண்டன. வாய் திறந்துகொண்டது.

"தம்பி, பற்றரியில பிழை இல்லை. பிழை என்ர. போன கிழமை இராகுலன் மைக் வேலை செய்யேல்லை எண்டு செட்டைக் கொண்டு வந்தவன். உள்ளுக்க சிவப்பு வயர் கழண்டு கிடந்தது. சொந்தக்காரன்தானே, பிறகு ஆறுதலா ஈயம் வைப்பம் எண்டு சும்மா டேப்பைச் சுத்திக் குடுத்திட்டன். நாங்கள் கதைக்கிறது அவனுக்குக் கேக்கும். அவன் கத்தினால் ஒருத்தருக்கும் கேளாது. நிரோஜினியின்ர முகத்தில எப்பிடி முழிப்பன்?"

அதோடு நிறுத்தினேனா? கோணேசரைக் கூப்பிட்டேன். பத்திரகாளியைக் கூப்பிட்டேன். வெருகல் முருகனுக்குக் காவடி நேர்ந்தேன். இடையிடையே சிவப்பு வயரையும் சொல்லி அழுதேன். இருபது நிமிடம் இருக்கும்.

ஹஸ்மி பொறுமையான மனிதர். கடைசியில் என் மடியில் இருந்த கைச்செட்டைக் காட்டிக் கேட்டார்.

"அண்ணன், அந்த லைட் எவ்வளவு நேரமா எரியுது?"

நான் குனிந்து பார்த்தேன். பொத்தானை அமுக்கிக் கதைக்கும்போது மட்டும் எரிய வேண்டிய வெளிச்சம். பொத்தான் வயரின் நுனி செட்டின் இரும்பில் முட்டி, பொத்தானை அமுக்கிப் பிடித்தது போலாகியிருந்தது. ஏறிய நேரத்திலிருந்து நாங்கள் கதைத்ததெல்லாம் கடலில் நின்ற அத்தனை படகுக்கும் போயிருக்கிறது. அவர்கள் சொன்னது ஒன்றும் எங்களுக்கு வரவில்லை.

வயரைப் பிடுங்கினேன்.

"லிங்கம் அண்ணை, என்ர செட்டுக்கும் டேப்தானோ?" என்றது ஹெட்போனில் ஒரு படகுக்காரரின் குரல்.

உடனே இன்னொரு குரல் வந்தது. தொண்டை வறண்ட குரல்.

"மச்சான், சிவப்பு வயரைத் திருகிப் பத்து நிமிசமாச்சு. நீ வாயை மூடினாத்தானே நான் கதைக்கலாம்? ரெண்டுதரம் என்ர தலைக்கு மேலால போயிட்டியள். திருப்பச் சொல்லு."

ஹஸ்மி அதற்குள் திருப்பிவிட்டார்.

நல்ல வேளை, பொத்தான் வயர் என் கையில் இருந்தது. நான் விக்கி விக்கி அழுதது ஒரு படகுக்கும் கேட்கவில்லை.