சுவரில் ஒட்டிக்கொண்டவர்கள்

ஆய்வகக் குளிர்பெட்டியில், ஒரு சிறு குழாய்க்குள், மனித உயிரணுக்களை வளர்ப்பதற்கென்றே தயாரித்த வளர்ச்சிப் புரதம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி, மாட்டு இரத்தத்திலிருந்து வந்த, ஆல்புமின் என்னும் துணைப் புரதங்கள் ஐம்பது பேர் இருந்தார்கள்.

“குழாய் மேல எழுதியிருக்கிறது என் பேர். நீங்க எல்லாம் எதுக்கு, கல்யாணக் கூட்டம் மாதிரி?” என்று சிடுசிடுத்தது வளர்ச்சிப் புரதம்.

“மாப்பிள்ளை தனியாப் போனா நல்லாயிருக்குமா தம்பி?” என்று சிரித்தாள் மூத்த ஆல்புமின்.

ஒரு காலையில் குழாயை வெளியே எடுத்தார்கள். உள்ளே உறைந்திருந்த நீர் உருகியது. எதிரே ஒரு தட்டில் தோல் உயிரணுக்கள் பட்டினியால் சுருண்டு கிடந்தன. அவற்றிடம் போகத் துடித்த புரதத்தைக் குழாயின் சுவர் பற்றி இழுத்தது. ஒட்டியவர் மீள்வது அரிதான சுவர் அது. மூத்தவள் புரதத்தை இடித்துத் தள்ளிவிட்டு, அவ்விடத்தில் தான் ஒட்டிக்கொண்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒட்டிச் சுவர் முழுவதையும் மூடினார்கள்.

“அக்கா, நீயும் வந்துடு!”

“நான் வந்தா இது உன்னைப் பிடிச்சுக்கும். அதுங்க பசியோட கிடக்குதுங்க, போ.”

குழாயிலிருந்த நீரைத் தட்டில் ஊற்றியபோது புரதம் உயிரணுக்களிடம் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் தட்டு நிறைய உயிரணுக்கள். “எங்களைப் பிழைக்க வச்சது நீதான்!” என்று அவை கொண்டாடின.

“நான் மட்டுமில்லை...” என்று தொடங்கிய புரதம் அத்துடன் நின்றது. காலிக் குழாய் குப்பைக்குப் போய்விட்டிருந்தது. அக்காவின் பெயரை அது ஒருநாளும் கேட்டதில்லை.