ஒற்றை விளக்கு வண்டி

காரா-பால்தா ஊரின் வண்டி உதிரிபாகச் சந்தையில் ஷாமெனின் கடை ஒரு பழைய கண்டெய்னர். அதன் முன்னால் கறுப்பு எஸ்.யூ.வி. ஒன்று வந்து நின்றது. ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் எரிந்தது.

இறங்கியவள் பெயர் பெர்மெத். முப்பது வயதிருக்கும். தலைத்துணியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள். மீதி முகத்தைக் கறுப்புக் கண்ணாடி மூடியிருந்தது.

"ஒரு பல்பு வேணும் அண்ணே. சீக்கிரம்."

"எந்த பல்பு?"

"அதான், முன்னாடி எரியுமே, அது."

"இங்க இருக்கிறது எல்லாமே முன்னாடி எரியறதுதான் தங்கச்சி. வண்டி எந்த வருஷம்?"

"தெரியாது. தோழியோட வண்டி. எதைப் போட்டா சாவடியில நிறுத்த மாட்டாங்களோ, அதைக் குடுங்க."

ஷாமென் நிமிர்ந்து பார்த்தான். கணவாய்க்குப் போகும் சாலையில், மலையடிவாரத்தில் போலீஸ் சாவடி இருக்கிறது. மேலே இருட்டுக் குகைப்பாதை. அதனால் ஒற்றை விளக்கு வண்டியை அவர்கள் விடுவதில்லை.

பானெட்டைத் திறந்து பழைய பல்பைக் கழற்றினான்.

"ஹெச்-லெவன். ஹெச்-நைனும் பார்க்க இப்படியேதான் இருக்கும். கொஞ்சம் சுரண்டினா உள்ளே உட்கார்ந்துக்கும். ஆனா எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சிரும். முதல்ல உன்னைத்தான் ஓரங்கட்டுவாங்க."

"லெவனே போடுங்க."

"ஒண்ணு மட்டும் மாத்தினா ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளைன்னு எரியும். ஜோடியா மாத்தணும்."

"மாத்துங்க. பேச்சைக் குறைங்க."

வண்டியின் பின்பக்கம் அடுக்கியிருந்த மெத்தைகள் தும்மின.

"உள்ளே என்ன?"

"ஆடு. கல்யாணத்துக்கு."

"ஆடா தும்முது?"

"சளி பிடிச்ச ஆடு."

மெத்தைக்கு அடியிலிருந்து வெள்ளி வளை போட்ட கை ஒன்று வெளியே வந்தது. பெர்மெத் ஓடிப்போய் அதை உள்ளே தள்ளினாள்.

கட்டாயக் கல்யாணத்துக்குப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்; இந்தப் பக்கத்தில் நடக்கிறதுதான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்தான் இதற்கு முதலில் நிற்பார்கள். அவன் தங்கையையும் இப்படித்தான் கொண்டுபோனார்கள். அன்றைக்கு யாரும் வண்டியை மறிக்கவில்லை.

பல்பு தேடுவதுபோல உள்ளே போய்ச் சாவடிக்குச் செய்தி அனுப்பினான். 'கறுப்பு எஸ்.யூ.வி. ஒற்றை விளக்கு. உள்ளே கடத்தப்பட்ட பெண். என் கடைக்கு உடனே வாங்க.'

வெளியே வந்தபோது பல்புகள் அவன் சட்டைப் பைக்குள் இருந்தன.

"முதல்ல அந்தப் பொண்ணு முகத்தைக் காட்டு. அப்புறம்தான் விளக்கு."

"வழி விடுங்க அண்ணே. இன்னைக்குக் கணவாயைத் தாண்டலைன்னா இந்தக் கல்யாணம் நடக்கவே நடக்காது."

"எனக்கும் அதுதான் வேணும்."

பெர்மெத் பின்கதவைத் திறந்தாள். ஷாமென் தலையை உள்ளே விட்டான். ஒரு குரல் அவனைக் கொஞ்சநேரம் திட்டியது. அப்புறம் தணிந்து, விஷயத்தைச் சொன்னது.

தலையை வெளியே எடுத்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. பல்புக் கண்ணாடியில் விரல் படாமல் இரண்டையும் மாட்டினான். காசு வாங்கவில்லை.

"சீக்கிரம் கிளம்புங்க. ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். ஆள் வந்துக்கிட்டு இருக்கு."

சாவடி இன்ஸ்பெக்டர் எல்தியார் ஜீப்பில் வந்து குதித்தபோது ஷாமென் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கய்யா ஒற்றை விளக்கு வண்டி?"

"பிஷ்கெக் பக்கம் பறந்துட்டாங்க சார்."

"அதானே பார்த்தேன். சாவடியில இருந்து ஒவ்வொரு வண்டியாப் பார்த்துக்கிட்டுத்தான் வந்தேன். எதிர்ல ஒரு கறுப்பு வண்டி வந்துச்சு, ஆனா ரெண்டு விளக்கும் ஜம்முன்னு எரிஞ்சுது. வழி விட்டு அனுப்பிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க."

"பொண்ணுக்குப் பதினெட்டு ஆயிருச்சா?"

"அதெல்லாம் ஆயிருச்சு சார்."

"வீட்டுல இருக்கிறவங்க மனசு என்ன பாடுபடும்! கொஞ்சமாவது நினைச்சுப் பார்க்கிறானுங்களா?" எல்தியார் போனைக் காதில் வைத்தார். "சாப்பிட வர மாட்டேன்னு சொல்லலாம்னா என் பொண்டாட்டி வேற எடுக்க மாட்டேங்கிறா."

"சிக்னல் இருக்காது சார்."

ஜீப் கணவாய்ச் சாலையை விட்டு, பிஷ்கெக் பக்கம் சீறிக்கொண்டு போனது. ஷாமென் சிரிப்பை அதுவரை அடக்கிவைத்திருந்தான்.

மருமகள் வண்டியோட்ட, மெத்தைக்குள் படுத்தபடி இரண்டாம் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்த மணப்பெண் சொன்னது சரிதான்: 'இந்த வயசில் என்ன கல்யாணம்' என்று குதிக்கும் அவளுடைய இன்ஸ்பெக்டர் மகன், அவளை அப்படியே உரித்து வைத்த மாதிரிதான் இருந்தார்.