அன்பரசி சொன்ன வாக்கியம்

மாதவராஜ் வாத்தியார் வேர்க்க விறுவிறுக்கக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அப்படி ஓர் உழைப்பு! கடைசி பெஞ்சில் ஆய்வுக்கு வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் உழைப்பு வராது?

அடுத்தவர் இப்படி நடந்துகொண்டால் தேவலை என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? அதுதான் பாடம். மொரப்பூர்ப் பக்கத்து அந்தப் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடம் நடப்பதே அத்திபூத்த மாதிரிதான். சாருக்கு அதியமான்கோட்டையில் பிளாட் வியாபாரம்.

"ஆளுக்கொரு வாக்கியம் சொந்தமா சொல்லுங்க பாக்கலாம்" என்றார் அதிகாரி.

சிலம்பரசன் எழுந்தான். "ஐ விஷ் மை ஃபாதர் வுட் ஸ்டாப் டிரிங்கிங், சார்." அப்பா குடியை விட்டால் தேவலை என்று சொல்வதற்குள் பையனுக்குக் குரல் கம்மிவிட்டது.

"பலே! ஒரு தப்பு இல்ல!" அதிகாரி தொடையைத் தட்டி ரசித்தார்.

அடுத்தது அன்பரசியின் முறை. பப்ளிக் பரீட்சை நெருங்கிவிட்டது. இங்கிலீஷில் கோட்டைவிட்டால் கல்யாணம்தான் என்று வீட்டில் மாமன் மகனைப் பேசியே வைத்துவிட்டார்கள். இன்றைக்கு விட்டால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

எழுந்தாள். "ஐ விஷ் மாதவராஜ் சார் வுட் கம் டு ஸ்கூல் எவ்ரி டே."

சார் தினமும் பள்ளிக்கூடம் வந்தால் தேவலை! மாதவராஜ் முகத்தில் ஈயாடவில்லை. "அடிப்பாவி, போட்டுக் குடுத்துட்டியே" என்று பக்கத்தில் ரேவதி முணுமுணுத்தாள்.

"இன்னொருக்கா சொல்லும்மா" என்றார் அதிகாரி. அன்பரசி இன்னும் சத்தமாகவே சொன்னாள்.

அதிகாரி வாத்தியார் பக்கம் திரும்பினார். "திங்கக்கெழமையில இருந்து நீங்க இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர வேணாங்க."

"ஐயா, புள்ளகுட்டிக்காரனுங்க!" மாதவராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். அன்பரசிக்கே ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் புது வாத்தியார் வருவாரே என்று உள்ளுக்குள் குதித்தாள்.

"அட, எதுக்குங்க கும்புடறீங்க?" அதிகாரி அவர் தோளில் கை போட்டார். "புள்ளைங்க வாயில இங்கிலீஷ இப்படித் தண்ணியா வர வெச்சிருக்கீங்க. இனி ஜில்லா பூரா வாத்தியாருங்களுக்கு நீங்கதான் டிரெயினிங் குடுக்கணும்!"

அன்பரசி பதறிவிட்டாள். "அப்ப எங்களுக்கு யாருங்க சார் வருவாங்க?"

"உனக்கு எதுக்கும்மா வாத்தியாரு? நீதான் நல்லாப் பேசறியே!"