பத்து மணி வகுப்பு

“நீங்க பழைய கேம்பஸ்ல படிச்ச புள்ளியியல் இங்க செல்லாதும்மா” என்றார் பாடக் கிரெடிட் பிரிவு எழுத்தர், கண்ணாடித் தடுப்பின் சின்ன ஓட்டை வழியாக.

அந்த ஓட்டையை யார் உயரத்துக்கு வெட்டினார்களோ, வருகிறவர்கள் எல்லாரும் கும்பிடு போடுகிற மாதிரிதான் நிற்க வேண்டியிருந்தது. அவளும் குனிந்துதான் நின்றாள்.

ஒரே பல்கலைக்கழகம். ஒரே துணைவேந்தர். ஒரே பாடப்புத்தகம், அதே அச்சுப்பிழைகளோடு. ஆனால் கடற்கரை வளாகத்தில் பாட எண் வேறு எழுத்தில் தொடங்கும். தலைமை வளாகத்துக் கணினிக்கு அந்த எழுத்தைக் கண்டாலே ஆகாது.

அப்பா படுத்த படுக்கையானதால் பாதிப் படிப்பில் இங்கே மாறி வந்தவள் அவள். இந்தப் பருவத்தோடு பட்டம் கைக்கு வந்தால், வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். அப்பாவோ, வேலையே கிடைத்துவிட்டதாகப் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருக்கிறார்.

“அதுல நான்தான் சார் முதல் மார்க்.”

“யாரு இல்லைன்னாங்க? மறுபடி படிச்சு இன்னொரு தடவை வாங்குங்க.” தட்டச்சுப் பலகையில் நாலு தட்டு தட்டினார். “சேர்த்தாச்சு. பத்து மணி வகுப்பு. இன்னைக்கே போய் உக்காருங்க.”

“பத்து மணிக்கு எனக்கு வேலை இருக்கே சார். வேற நேரம் இல்லையா?”

“இருக்கிறதே அது ஒண்ணுதான். படிப்பு முக்கியமா, வேலை முக்கியமா?” பெற்ற பெண்ணுக்குச் சொல்வதுபோல் குரலைத் தணித்துக்கொண்டார். “அந்த மேடம் ரொம்பக் கறாராம். மூணு வகுப்பு வரலைன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்களாம். பிள்ளைங்க இங்க வந்து அழுதுட்டுப் போகுதுங்க.”

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அதற்கும் இந்த மனிதர் ஒரு விதியைத் தேடி எடுப்பார் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு ஓடினாள்.

மூச்சிரைக்க அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது.

“குட் மார்னிங் மேடம்!”

புள்ளியியல் பேராசிரியர் நீண்ட விடுப்பில் போனபோது துறைத்தலைவர் தேடிப் பிடித்த ஆள் அவள்தான். கடற்கரை வளாகத்தில் முதல் மார்க் என்று கேட்டதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த மார்க் பாடம் நடத்தச் செல்லும், படித்ததாகக் காட்டத்தான் செல்லாது.

மேசைக் கணினியைத் திறந்து வருகை எண்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தார்கள்.

கடைசியில் ஒரு புது எண் முளைத்திருந்தது. பழைய கிரெடிட்டைச் சேர்க்க மாதக்கணக்கில் யோசித்த அலுவலகம், புது மாணவியைச் சேர்க்க அவள் படியேறி வரும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கூப்பிட்டாள். பதில் இல்லை.

முதல் பெஞ்சின் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தால் கரும்பலகைக்கு ஆள் ஏது?

இன்னொரு முறை கூப்பிட்டாள், இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

“யாருமே வரல மேடம்” என்றாள் போன வாரம் இரண்டு நிமிடம் தாமதமாக வந்து மாட்டிக்கொண்ட பெண். “ஆப்சென்ட் போட்டுடுங்க. எங்களுக்கு மட்டும்தான் கறாரா?”

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

பிறகு தன் எண்ணுக்கு நேரே ஆப்சென்ட் போட்டுவிட்டு, இன்னும் இரண்டுதான் பாக்கி என்று நினைத்தபடி சாக்பீஸை எடுத்தாள்.